விளம்பரம் வரவில்லை

"விளம்பரம் வரலைன்னு கூப்பிட்டீங்களா?" கம்ப்யூட்டர் பழுது பார்க்க வந்த அம்மாள் நம்பாமல் கேட்டாள். "பதினாறு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன் சார். விளம்பரத் தொல்லை தாங்கலன்னுதான் எல்லாரும் கூப்பிடுவாங்க."

"வருதும்மா. ஆனா தண்ணி டேங்க், பெயின்ட், கார் டயர்னு கண்டதும் வருது," என்றார் ஓய்வுபெற்ற சர்வேயர். "எனக்கு முன்னால வந்ததுதான் வேணும்."

"முன்னால என்ன வந்துச்சு?"

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "பொம்பளைங்க சமாசாரம். செருப்பு, கைப்பை... அப்புறம் மாசமா இருக்கிறவங்க போடுற கவுன்."

அந்த அம்மாள் அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். ஒரு கட்டில், ஒரு நாற்காலி, கழுவிக் கவிழ்த்த ஒரே ஒரு தட்டு. பிறகு தன் பையை மெதுவாகப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டாள். அவள் என்ன நினைக்கிறாள் என்று சர்வேயருக்குப் புரியாமல் இல்லை. அதற்குமேல் மூடி மறைத்து என்ன ஆகப்போகிறது?

"எம் பொண்ணும்மா," என்றார்.

தான் விரும்பியவனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று மகள் சொன்னாள். கல்யாணத்துக்கு அவர் போகவில்லை. ஆறு வருஷம் ஆகிறது. அவள் போன் எண் அவருக்கு மனப்பாடம். வாரம் தவறாமல் அழுத்துவார். கடைசி எண்ணுக்கு வரும்போது பாழாய்ப்போன வீம்பு வந்து உட்கார்ந்துகொள்ளும், வைத்துவிடுவார். மகளும் லேசுப்பட்டவள் இல்லை, அவர் பெற்றதுதானே.

ஆனால் அவள் போன மறுமாதமே, அவள் விட்டுப்போன இந்தக் கம்ப்யூட்டரில் செய்தி படிக்கும்போது பக்கத்திலேயே வாடகை வீடு விளம்பரம் வந்தது. அப்புறம் சின்ன குக்கர். ஒரு வருஷம் கழித்துக் கம்பளிக் கோட்டு. சரி, குளிர் ஊருக்கு மாற்றலாகிவிட்டாள் என்று தெரிந்துகொண்டார். தினமும் காலையில் காபி டம்ளரோடு உட்கார்ந்து மகளைப் படித்தார். ஊரில் ஒருத்தருக்கும் இது தெரியாது.

"அப்புறம் கவுன் வந்துச்சு, தொட்டில் வந்துச்சு. என் கணக்குப்படி இந்த வாரம்தாம்மா பிரசவம். பதினோரு நாளா ஒண்ணுமே தெரியல. முதல் பிரசவம் வேற."

அந்த அம்மாள் பையை விட்டுவிட்டு விசைப்பலகையைத் தட்டிப் பார்த்தாள். "பிரவுசர் தானா அப்டேட் ஆயிருக்கு சார். இதுவரைக்கும் கேக்காமலே எல்லாரும் என்ன தேடுறாங்கன்னு பின்தொடர்ந்துக்கிட்டு இருந்துச்சு. இப்ப நாம சொன்னாத்தான் செய்யும். உங்க பொண்ணு இதுல அவங்க மெயில் கணக்க மூடாமலே போயிருக்காங்க. இங்க நீங்க, அங்க அவங்க, ரெண்டு பேரையும் ஒரே ஆள்னு நினைச்சுக்கிட்டு இருக்கு." கொஞ்சம் தயங்கினாள். "நியாயமா நான் இத மூடணும். எங்கப்பா இப்படி எனக்குத் தெரியாம பார்த்தா எனக்குப் பிடிக்காது."

சர்வேயருக்கு முகம் சுருங்கிப்போனது. "திருட்டுத்தனம்தான், இல்லேங்கல. வாசல்ல போய் நிக்க மூஞ்சி இல்ல. குழந்தை பொறந்துச்சா, அவ நல்லா இருக்காளா, அத மட்டும் பார்த்துக்கறேம்மா. அப்புறம் நீயே மூடிடு."

அவள் பெருமூச்சு விட்டாள். ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து, பழையபடி பின்தொடரச் சொல்லி ஒரு கட்டத்தில் அழுத்தினாள். உடனே நெற்றியைச் சுளித்தாள்.

"சார், ஒரு தப்பு நடந்துபோச்சு. இதுவும் புதுசு போல. மாத்தினா கணக்குக்காரங்க போனுக்குச் செய்தி போகுது. வீட்டுக் கம்ப்யூட்டர் கேக்குது, விடலாமா வேண்டாமான்னு."

"போயிடுச்சா?"

"போயிடுச்சு."

ஆறு வருஷம் பதுங்கிப் பதுங்கிப் பார்த்தவர் இன்று கையும் களவுமாக மாட்டிக்கொண்டார். வேண்டாம் என்று அவள் ஒரு தட்டுத் தட்டினால் போதும், இருந்த ஒரே ஒட்டும் போய்விடும். திரையில் இன்னும் பெயின்ட் டப்பாதான் சிரித்துக்கொண்டிருந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கட்டிலில் கிடந்த போன் அடித்தது.

அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனார். அந்த எண்தான். கடைசி எண் வரைக்கும் அதேதான்.

"அவதாம்மா. கேவலமா திட்டப்போறா. எடுக்கட்டுமா?"

"திட்டினா என்ன சார், எடுங்க."

எடுத்துக் காதில் வைத்தார். பச்சைக் குழந்தை ஒன்று வீல் வீலென்று அழுதுகொண்டிருந்தது. யாரோ அதைச் சமாதானப்படுத்தி அந்தண்டை தூக்கிப் போனார்கள். என்னை மன்னிச்சிடும்மா என்று சொல்லத்தான் வாயெடுத்தார். அதற்குள் கண் நிறைந்துவிட்டது.

ஆறு வருஷம் கழித்து மகள் பேசினாள்.

"ஒரு வருஷமா என் போன் முழுக்க மூட்டுவலிப் பட்டை விளம்பரமா வந்துச்சே, வலி இப்ப தேவலையாப்பா?"