சிலிக்குப் போகும் எள்ளு மிட்டாய்

"இதை அடிச்சது யாரு?"

கோவில்பட்டி மிட்டாய் கம்பெனி முதலாளி கண்ணுசாமி லேபிளைத் தூக்கிக் காட்டியதும், வேலையில் இருந்த இருபது பேரும் சுடலைச்செல்வியைப் பார்த்தார்கள். காட்டிக்கொடுப்பதில் மட்டும் அப்படி ஓர் ஒற்றுமை.

"நான்தான் அண்ணாச்சி."

"நட்ஸ் கலந்திருக்கலாம்னு ஸ்பானிஷ்ல போடச் சொன்னா என்னத்தப் போட்டிருக்க? சிலி நாட்டுப் பார்ட்டி மெசேஜ் போட்டுச் சிரிக்கான். போல்ட்டுல மாட்டுத இரும்பு நட்டாம்லா இது!"

செல்வி வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்தான். போனில் தட்டியதும் முதலில் வந்த வார்த்தையை எடுத்துப் போட்டுவிட்டாள்.

"நாலு மணிக்கு லாரி எடுத்தாத்தான் தூத்துக்குடியில கப்பலுக்குச் சேரும்," என்றார் டிரைவர் கிட்டு. "எள்ளு மிட்டாய்தான அண்ணாச்சி, அப்படியே அனுப்பிருவோம்."

"என்ன பேச்சு பேசுத கிட்டு? கடல மிட்டாய் தட்டுலதான் இதையும் போடுதோம். கடலை ஒத்துக்கிடாத பிள்ளை தெரியாமத் தின்னு தொண்டை அடைச்சிட்டுன்னா? உயிருய்யா, உயிரு!"

சொல்லும்போதே துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். செல்விக்கு அழுகை வந்துவிட்டது.

"ஒரு மணிக்குள்ள சரியான வார்த்தை வரணும். இல்லன்னா நாளையில இருந்து வராத."

செல்வி ஒவ்வொரு வார்த்தையாகப் போட்டுப் படம் பார்த்தாள். 'நுவெஸ்' என்று போட்டால் வால்நட் வந்தது. அதுவும் ஆகாது. இன்னொன்று நிலக்கடலைதான், ஆனால் ஸ்பெயினில் சொல்வதாம். மணி பன்னிரண்டரை.

சட்டென்று, சிலி நாட்டுக் கடைகளில் விற்கிற கடலை பாக்கெட் படங்களைத் தேடினாள். எல்லாவற்றிலும் ஒரே வார்த்தை: 'மனி'.

"கிடைச்சிட்டு அண்ணாச்சி!"

புது லேபிள் அடித்து, சாப்பாட்டை மறந்து எல்லோரும் ஒட்டினார்கள். முதலாளியே தரையில் உட்கார்ந்து ஒட்டினார். நாலு மணி அடிக்க லாரி கிளம்பியது.

"பொழைச்ச போ. இனி உன் வேலைக்கு ஒண்ணும் வராது தாயி," என்றார் கண்ணுசாமி.

இப்படியும் ஒரு முதலாளியா! செல்விக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

மூலையில், அதே தட்டில் போட்ட எள்ளு மிட்டாய் இன்னும் ஐந்நூறு பாக்கெட் இருந்தது. ஓட்டப்பிடாரம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குப் போக வேண்டியது.

"அண்ணாச்சி, இதுக்கும் கடலை கலந்திருக்கலாம்னு தமிழ்ல ஒரு வரி அடிச்சு ஒட்டிரட்டுமா?"

"எதுக்கு? அங்கன லேபிள் சரியில்லன்னா சரக்கைத் திருப்பி அனுப்பிருவான். இங்கன எவன் கேக்கப் போறான்? கட்டு, கட்டு!"