அறுபத்தோராவது கட்டம்

அவர் சொன்னது அவளுக்கு முதலில் புரியவில்லை.

கண்ணாடிக் கம்பியால் கிண்ணத்தைக் கிளறிக்கொண்டே இருந்தாள்.

"அறுபத்தொண்ணு கிடைச்சுடுத்து, கிறிஸ்டபெல்," என்றார் பேராசிரியர் சேஷகோபாலன் மறுபடியும். "அமெரிக்காவிலே. கண்டுபிடிக்கலை. உண்டாக்கியிருக்கா. அணு உலையிலே."

கிளறுவதை நிறுத்தினாள்.

சென்னையில் அந்தக் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் அவள் சேர்ந்தபோது தனிம அட்டவணையில் சில கட்டங்கள் காலியாக இருந்தன. அறுபதில் நியோடிமியம். அறுபத்திரண்டில் சமேரியம். நடுவில் எண் இருந்தது. பொருள் இல்லை.

அமெரிக்காவில் சிலர் கண்டுவிட்டோம் என்று தங்கள் ஊர்ப் பெயரை வைத்தார்கள். இத்தாலிக்காரர்கள், எங்களுக்குத்தான் முதலில் கிடைத்தது என்று தங்கள் ஊர்ப் பெயரை வைத்தார்கள். சண்டை போட்டுக்கொண்டார்கள். இரண்டுமே நிற்கவில்லை.

அவளும் ஒரு பெயர் வைத்திருந்தாள்.

யாரிடமும் சொன்னதில்லை.

மணவாளக்குறிச்சி அவள் ஊர். அந்தக் கடற்கரையின் கரிமணலில் இந்த அரிய தனிமங்கள் எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. பிரிப்பது லேசில்லை. உப்பாக்கிக் கரைத்து, காய்ச்சி, ஆறவைத்து, படிந்ததை ஒரு கிண்ணத்தில் வைத்துக்கொண்டு படியாததை அடுத்த கிண்ணத்தில் ஊற்றவேண்டும். பிறகு மறுபடி காய்ச்சவேண்டும்.

மறுபடி.

மறுபடி.

மேசை நீளத்துக்குக் கிண்ணங்கள். ஒரு கோடியில் ரோஜா நிறம். மறுகோடியில் வெளிர் மஞ்சள். இரண்டுக்கும் நடுவே, எந்த நிறம் என்று சொல்ல முடியாமல் போகும் ஓர் இடத்தில், அது இருக்கவேண்டும்.

இருபது சொச்சம் வயதில் வந்தவள். இப்போது காதோரம் நரைத்துவிட்டது. அமிலம் பட்டுப் பட்டு விரல் நுனிகளில் மஞ்சள் ஏறி, அப்படியே நின்றுவிட்டது. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி, ரசாயனத் துறையையே உங்களிடம் தருகிறோம் என்று அழைத்தது. இந்த வரிசை முடியட்டும் என்றாள். அத்தை மகன் காத்திருந்தான். இந்த வரிசை முடியட்டும் என்றாள்.

அவன் பிள்ளைகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறார்கள்.

"அப்ப, மண்ணுல?" என்று கேட்டாள்.

"மண்ணிலே இருக்காது. அது நிக்கிற சரக்கே இல்லை. ரெண்டு மூணு வருஷத்திலே பாதி அழிஞ்சுடறது. பூமி உண்டானப்போ இருந்திருந்தாலும் எப்பவோ போயிருக்கும்."

அவள் கிண்ணங்களைப் பார்த்தாள்.

"அந்த இடத்திலே எதுவும் நிலைக்காதுன்னு ஐரோப்பாவிலே ஒருத்தர் அப்பவே கணக்குப் போட்டுச் சொன்னார்," என்றார் அவர்.

சொன்ன பிறகுதான், சொல்லியிருக்கக் கூடாது என்று தோன்றியிருக்கவேண்டும். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"எப்ப சார்?"

"உலக யுத்தத்துக்கு முன்னாடி."

"எவ்வளவு முன்னாடி?"

அவர் கண்ணாடியை வேட்டி நுனியால் துடைத்தார். அதில் தூசி எதுவும் இல்லை.

வெளிநாட்டுச் சஞ்சிகைகள் முதலில் அவர் அறைக்குத்தான் போகும். ஜெர்மன் மொழியில் வருபவை அங்கேயே தங்கிவிடும். அவளுக்கு ஜெர்மன் தெரியாது. இதுவரை அது ஒரு குறையாகப் பட்டதில்லை.

"சாருக்குத் தெரிஞ்சிருக்கு."

"வெறும் கணக்கும்மா. கணக்கு தப்பாப் போறதில்லையா? நீ எடுத்துக் காட்டியிருந்தா அவர் கணக்குதான் பொய்யாயிருக்கும்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா."

"சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பியா?"

கண்ணாடிக் கம்பியை மேசையில் வைத்தாள்.

நிறுத்தியிருப்பாளா?

தெரியவில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. அன்றைக்கே கேட்டிருந்தால் அவளிடம் ஏதோ ஒரு பதில் இருந்திருக்கும். சரியோ தப்போ, அவளுடைய பதிலாக இருந்திருக்கும்.

"அத நான்லா சார் முடிவு பண்ணியிருக்கணும்."

அவர் தலையை ஆட்டினார். ஒப்புக்கொள்கிறாரா, வேறு எதையோ யோசிக்கிறாரா என்று தெரியவில்லை.

"உன் நியோடிமியம் மாதிரி சுத்தமானது இந்த தேசத்திலேயே கிடையாது," என்றார். "ஒண்ணும் வீணாப் போகலை."

"நான் அதயா தேடுனேன்?"

எட்டி, கிண்ணத்தின் கீழ் எரிந்த அடுப்பின் வாயுக் குழாயைத் திருகி அடைத்தாள். சீறல் நின்றது. அந்த அறையில் அவ்வளவு அமைதி இருக்கும் என்று அவள் அறிந்திருக்கவில்லை.

மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். கை கழுவினாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வெளியே வந்துவிட்டாள்.

வராந்தாவில் வெயில் சரிந்து விழுந்திருந்தது. ஏதோ வகுப்பு விட்டு மாணவர்கள் சலசலத்துப் போனார்கள். இந்த நேரத்தில் அவள் இங்கே நின்றதில்லை. விடுதி இடப்பக்கம். வாசல் வலப்பக்கம்.

எந்தப் பக்கமும் போகத் தோன்றவில்லை.

உள்ளே தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது. வாயு பக்கென்று பற்றிக்கொண்டது.

அவர் அந்த அடுப்பைத் தொட்டு எத்தனையோ காலமாயிற்று.

தீ இரைந்தது. கேட்டவுடனே தெரிந்தது, அதிகம். இப்படி எரிந்தால் உப்பு தெறிக்கும். கிண்ணமே விரிசல் விடும்.

விடட்டும்.

ஓரடி எடுத்து வைத்தாள்.

"தீயக் கொறைங்க சார்," என்றாள், திரும்பாமல்.

இரைச்சல் கொஞ்சம் தணிந்தது.

"இன்னும்," என்றாள்.