நம்ம பட்டறைச் சிவப்பு

போன் வந்ததுமே மரப்பொம்மைப் பட்டறை முதலாளி மைத்துனனையும் இழுத்துக்கொண்டு கிளம்பினார்.

பொம்மைக்குச் சாயம் பூசும் பிள்ளைகள் படத்தில் விழுந்துவிட்டார்கள். எடுத்தவள் அவருடைய கட்டடத்திலேயே வாடகைக்கு ஸ்டூடியோ வைத்திருப்பவள். "பேப்பர்ல வரப்போகுது. அதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை பார்த்துடுங்க சார்" என்று அவளே கூப்பிட்டிருந்தாள்.

தொழிலாளர் துறை அதிகாரிகள் இரண்டு முறை வந்து வெறுங்கையோடு திரும்பியவர்கள். ஜீப் தெருமுனையில் திரும்பும்போதே பிள்ளைகளைப் பின்வாசல் வழியாகக் கிளப்பிவிடுவார். வெளியே யார் கேட்டாலும், எந்தப் பட்டறை என்று ஒரு பிள்ளையும் வாய் திறக்காது. அப்படி மிரட்டி வைத்திருந்தார். ஆனால் படம் வெளியே வந்தால் பட்டறைக்குப் பூட்டு, அவருக்குக் கம்பி.

"உள்ளே எப்படிடா வந்தா? கேட்ல நீதானே காவல்?" ஸ்டூடியோ மாடிப்படியிலேயே மைத்துனனைக் காய்ச்சினார்.

"ஈ, எறும்புகூட நுழையலை மாமா."

"மத்தியானம் நீ குறட்டை விடுற லட்சணத்துக்கு யானையே நுழைஞ்சிருக்கும்."

ஸ்டூடியோ மேசை முழுக்கப் படங்கள். எல்லாமே முகங்கள், நெற்றி முதல் மோவாய் வரை, பின்னால் என்ன இருக்கிறது என்றே தெரியாத அளவுக்கு நெருக்கத்தில். கன்னத்தில், காதுமடலில், ஒரு சிறுமிக்கு இமையில்கூடச் சாயத் துளிகள்.

"இந்தத் தெருப் பட்டறைப் பிள்ளைங்க எல்லாம் கலந்து கிடக்கு சார்" என்றாள் அவள். "உங்க இடத்துல கடை வச்சுக்கிட்டு உங்களையே சந்தி சிரிக்க வச்சா எனக்கு நல்லாவா இருக்கும்? உங்களோடதை மட்டும் எடுத்துக்கிட்டுப் போயிடுங்க. மத்தவங்க பாடு அவங்க பாடு."

முதலாளிக்குப் போன உயிர் திரும்பியது. தன் பட்டறை தப்பும். போட்டிக்காரன் பட்டறை மூடும். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இவ நம்ம பொண்ணு. எட்டு வயசுதான், பொம்மைக்குக் கண்ணு எழுதினா மூச்சு விடாம எழுதுவா. இவன் நம்ம ஆளு, குதிரைக்கு வால் ஒட்டுறவன். இதுவும் நம்மளது."

மைத்துனன் இன்னொன்றை எடுத்தான்.

"வை கீழே. அது எதிர்ப்பட்டறை."

"எல்லா மூஞ்சியும் ஒரே மாதிரி இருக்கே. எப்படி மாமா கண்டுபிடிக்கிறீங்க?"

"மூஞ்சியை எவன்டா பார்த்தான்? கன்னத்துல இருக்கிற சிவப்பைப் பாரு. நம்ம பட்டறைச் சிவப்பு சோப்புப் போட்டாலும் போகாது. அவன் சிவப்பு வேர்வைக்கே வழிஞ்சிடும்."

பெருமை தலைக்கேற, மிச்சத்தையும் பிரித்துக் கொடுத்தார். இந்தக் கிளிப்பச்சை முக்குப் பட்டறை. இந்த அழுக்கு மஞ்சள் கடைசிப் பட்டறை. "அவனுங்களதை நல்லாப் பெருசாப் போடச் சொல்லும்மா" என்று யோசனையும் சொல்லிவிட்டு, தன் பட்டறைப் படங்களை அக்குளில் இடுக்கிக்கொண்டு எழுந்தார்.

உள்ளறைக் கதவு திறந்தது. கையில் ரெக்கார்டரோடு வெளியே வந்தவர், இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பிய அதே அதிகாரி.

"நீங்க பேசினது ஒண்ணு விடாமப் பதிவாயிருக்கு. ஜீப் கிளம்பியாச்சு. இந்தத் தடவை பின்வாசலுக்கும் ஆள் போட்டிருக்கோம்."

முதலாளி அவள் பக்கம் திரும்பிச் சீறினார். "என் பட்டறைக்குள்ள திருட்டுத்தனமா நுழைஞ்சு எடுத்த படத்தை வச்சு என்னை என்ன பண்ணிட முடியும்?"

அவள் கேமராவை மூடியபடி சொன்னாள்:

"நான் எங்க சார் உள்ளே வந்தேன்? தெருக்குழாய்ல முகம் கழுவ வந்த பிள்ளைங்களை நிறுத்தி எடுத்தேன். எது யார் பட்டறைப் பிள்ளைன்னு இப்ப நீங்க சொல்லித்தான் எனக்கே தெரியும்."