இடது அக்குள்

சன்னல் வழியே சாயும் மாலை வெயிலில், மேசைமேல் சட்டை கைவிரித்துக் கிடக்கிறது. அலுமினியம் சேர்க்காத டியோடரன்ட்டை மருமகள்கள் இருவரும் ஆளுக்கொன்று செய்திருக்கிறார்கள். கடைக்கு ஒன்றுதான் போகும். மூத்தவளுடையதை வலது அக்குளிலும் இளையவளுடையதை இடது அக்குளிலும் பூசிக்கொண்டு நாளெல்லாம் பட்டறையில் உழைத்து வந்தவன் மூத்தவளின் கணவன். மாமியார் சட்டையின் வலப்பக்கம் வைத்த மூக்கை வெடுக்கென்று எடுக்கிறார். “அம்மாடி, ஆட்டுக்கொட்டில் கெட்டுது போ!” இடப்பக்கம் வைத்த மூக்கை எடுக்கவே மனமில்லை. இளையவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குகிறாள். “அத்தை, இவ சோடா உப்பை அள்ளிக் கொட்டியிருப்பா, தோல் வெந்திருக்கும்,” என்று மூத்தவள், கணவனின் இடது கையைத் தூக்கிப் பார்க்கிறாள். ஒரு சிவப்புப் புள்ளியாவது இருக்கக் கூடாதா? “கூசுதுடி, விடு. எரியவுமில்ல, அரிக்கவுமில்ல.” “சோடாவே போடலக்கா, துத்தநாகத் தூள்தான்,” என்கிறாள் இளையவள், தேனொழுக. மூத்தவள் சட்டையைப் பிடுங்கி இடப்பக்கத்தில் முகம் புதைக்கிறாள். இத்தனை வருஷம் தலையணையில் அவளுக்கு மட்டுமே தெரிந்த அவன் வாடை துளியும் இல்லை. இளையவள் கடந்து போகும்போது வீசுகிற அதே லாவெண்டர் மணம். “நாளைக்கு ரெண்டு பக்கமும் இதையே பூசிவிடு,” என்று கணவன் மூத்தவளிடமே சொல்லிவிட்டுக் குளிக்கப் போகிறான்.