கறுப்பு பானெட்டில் ஒரு புள்ளி

ஒரகடம் கார் தொழிற்சாலைக்கு விசாரணைக்கு வந்திருந்த விமானப்படை அதிகாரி, எதிரே உட்கார்ந்திருந்த தென்றலைப் பார்த்தார்.

"வானத்துல ஏதோ மர்மப் பொருள் பறந்துச்சுன்னு போலீஸ்ல சொன்னது நீதானேம்மா? எப்படிப் பார்த்தே?"

"நான் பெயின்ட் செக் பண்றவ சார். யார்டுல ஒரு கறுப்பு கார் பானெட்டைப் பாத்துகினு இருந்தேன். ஒரு புள்ளி மினுக்குச்சு. தூசின்னு துடைச்சேன், போவல. அப்பால அது நகர ஆரம்பிச்சுது. அண்ணாந்து பாத்தா, முக்கோணமா ஒண்ணு சத்தமே இல்லாம செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் போவுது."

"வேற யாராவது பார்த்தாங்களா?"

"யாரும் பாக்கல. லைன்ல இன்னும் என்னைக் கிண்டல் பண்றாங்க. நீங்களும் பொய்யின்னு எழுதிடாதீங்க சார்."

அதிகாரி ஃபைலை மூடினார்.

"அது எங்களோடதும்மா. யார் கண்ணுக்கும் தெரியக்கூடாதுன்னு ரெண்டு வருஷம் உழைச்சு செஞ்சது. சோதனைக்கு விட்டோம். ரேடார்லகூட சிக்கல. உன் ஒருத்தி கண்ணுல சிக்கிடுச்சு. இதை வெளியில சொல்லாதே."

"சொல்ல மாட்டேன் சார்," என்ற தென்றல் தயங்கினாள். "ஆனா அதோட அடியில, இடது ஓரமா, பெயின்ட் சரியா புடிக்கல. அங்கதான் மினுக்குது. எங்க லைன்ல வந்திருந்தா ரிஜெக்ட் பண்ணியிருப்பேன்."

அதிகாரி மூடிய ஃபைலை மறுபடி திறந்தார்.

"இன்னொரு தடவை நிதானமா சொல்லுங்க மேடம்," என்றார்.