பூட்டிய வீட்டு வால்வு

“ஆளே இல்லாத வீட்டுல யாரும்மா கக்கூஸ் போறது?” என்று கேட்டார் சுதீர்.

லவினா குழியின் இரும்பு மூடியைக் கொக்கியால் நெம்பித் தள்ளினாள். பொழுது விடிந்ததிலிருந்தே முதுகு விட்டுப்போயிருந்தது.

அத்திபெலே ரோட்டில் இருக்கும் அந்த வில்லா காலனிக்குச் சுதீர்தான் மேனேஜர். அங்கே சாக்கடை தானாகச் சரிவில் ஓடாது. பம்ப் ரூமிலிருந்து காற்றால் உறிஞ்சி இழுக்க வேண்டும். வீட்டுக்கு ஒரு குழி. குழியில் தண்ணீர் மட்டம் ஏறினால் வால்வு தானே திறக்கும், ஒரே மூச்சில் காலி செய்துவிட்டு மூடிக்கொள்ளும்.

அந்த வால்வுகளைக் கவனிக்கும் ஏஜென்சியின் ஆள் லவினா. அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். பி.இ. முடித்த கைக்கு ஊர் கொடுத்தது இந்தக் கொக்கியைத்தான்.

“ஓனர் சேஷகிரி சார் கனடா போனதுலேர்ந்து பூட்டியே கெடக்கு,” என்றார் சுதீர். “ஒரு லைட்டு எரியறதில்ல. ஆனா பம்ப் ரூம் ஸ்கிரீன்ல பாரு, காலைல திறக்குது, சாயங்காலம் திறக்குது. பேய் வந்து குளிச்சிட்டுப் போகுதா?”

“சென்சார் குழாய்ல ஈரம் கோத்தா அப்படித்தான் சார். மட்டம் ஏறிடுச்சுன்னு நெனச்சிக்கிட்டு சும்மாவே திறந்துடும்.”

“போன வாரமும் இதையேதான சொன்ன. சும்மா சும்மா திறந்தா காத்து வீணாகி பம்ப் நிக்காம ஓடுது. கமிட்டில என்னைக் காய்ச்சுறாங்க. இன்னிக்கு சரியாகலன்னா உங்க ஏஜென்சிகிட்ட வேற ஆள் கேப்பேன். பொண்ணுன்னு பாக்கமாட்டேன்.”

“பாக்கச் சொல்லி யாரும் கேக்கல சார்.”

அவள் மண்டிபோட்டுக் குழிக்குள் குனிந்தாள். சுதீர் கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய் நின்றார். அவர் ஒருநாளும் எந்தக் குழிக்குள்ளும் எட்டிப் பார்த்ததில்லை. காலனியில் யாருமே பார்த்ததில்லை. பார்க்க ஒருத்தி இருக்கும்போது அவர்களுக்கு என்ன தலையெழுத்து?

“உள்ள தண்ணி இருக்கா?”

“வந்து பாருங்க சார்.”

“ஏய், நீயே சொல்லு.”

“அடியில கொஞ்சம் கெடக்கு. மழைத் தண்ணி இறங்கியிருக்கும்.”

சென்சார் குழாயைக் கழற்றித் துடைத்தாள். மரத்தடியிலிருந்து சுதீர் பேச்சை இழுத்தார். “ஆமா, ஈஜிபுரா வீட்டு ஓனர் காலி பண்ணச் சொன்னான்னியே, என்ன ஆச்சு?”

“பண்ணியாச்சு சார்.”

“ஏனாம்?”

“என்ன வேலை பாக்கறன்னு கேட்டான். சொன்னேன்.”

“அடடா, ஐ.டி.ன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல? வேற வீடு?”

“போற எடத்துல எல்லாம் அதே கேள்வி. கெடச்ச எடத்துல இருக்கோம் சார்.” குழாயை மறுபடி மாட்டி இறுக்கினாள்.

புஸ்ஸென்று வால்வு திறந்தது. குழி ஒரு மிடறு விழுங்கிவிட்டு அடங்கியது.

சுதீர் துள்ளிவிட்டார். “பாத்தியா? இப்ப திறந்துச்சே!”

“நான்தான் சார் குழாய்ல வாய் வச்சு ஊதுனேன். டெஸ்ட்டு. ஊதினா திறக்கும்.”

“வாய் வச்சா?” அவர் முகம் கோணியது. கொஞ்ச நேரம் பூட்டிய வீட்டையே பார்த்தார். “எனக்கென்னமோ டவுட்டாவே இருக்கு. சாவி ஆபீஸ் ஆணியிலதான தொங்குது? எடுத்துட்டு வரேன். உள்ள ஒரு சுத்து பாத்துடலாம்.”

லவினாவின் கையிலிருந்த ஸ்பேனர் நழுவிக் குழிக்குள் விழுந்தது. தோள்பட்டை வரை கையை விட்டு அதைத் துழாவி எடுத்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்.

“பாக்கலாம் சார். ஆனா அடைச்சுக் கெடக்கற வீட்டுல கக்கூஸ் தண்ணியெல்லாம் காஞ்சிருக்கும். சாக்கடை காஸ் நேரா வீட்டுக்குள்ள ஏறும். கதவத் தெறந்ததும் மூஞ்சில அடிக்கும். மாஸ்க் எடுத்துட்டு வாங்க, நீங்க முன்னாடி போங்க.”

“நானா?”

“சாவி உங்க பொறுப்பு இல்லையா சார்? எனக்குக் குழி வரைக்கும்தான் பர்மிஷன்.”

சுதீர் கர்ச்சீப்பை மடித்துப் பாக்கெட்டில் வைத்தார். பிறகு வாட்சைப் பார்த்தார். கமிட்டி மீட்டிங் ஒன்று அவருக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

“பேடா, வேணாம் விடு. ஆனா ஒண்ணு. நான் மீட்டிங் முடிச்சிட்டு ஸ்கிரீன் முன்னாடிதான் உக்காரப் போறேன். சாயங்காலம் வரைக்கும் இந்த வால்வு அசையக் கூடாது. அசைஞ்சுதுன்னா நாளைக்கு நீயும் இல்ல, உள்ள போகாம நானும் விடப்போறதில்ல.”

“அசையாது சார்.”

அவருடைய ஸ்கூட்டர் தெருமுனை திரும்பும்வரை லவினா குழியருகிலேயே உட்கார்ந்திருந்தாள். மூடியை இழுத்துப் போட்டாள். கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போனாள். பாத்ரூம் ஜன்னலின் கண்ணாடிப் பட்டையை விரலால் விலக்கி, உள்ளே குரல் கொடுத்தாள்.

“அம்மா, சாயங்காலம் வரைக்கும் தண்ணி புழங்காத.”