மாப்பிள்ளையின் ஐபொட்

"மாப்பிள்ளைக்கு முப்பத்தொண்டுதான். கனடா சிற்றிசன். இப்பிடி ஒரு இடம் இனிக் கிடையாது," என்றபடி, கைபேசியில் இருந்த படத்தை நீட்டினார் கலியாணத் தரகர் இளையதம்பி.

பரமலிங்கம் அதை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோனார். மகள் தர்சிகாவுக்கு வந்த பதினேழு சம்பந்தமும் ஏதோ ஒரு சாட்டில் முறிந்துவிட்டன. இதுவும் போனால் மனுசன் இடிந்துபோவார்.

"சாதகக் குறிப்பு?"

"அது இடப்பெயர்வு நேரம் துலைஞ்சு போச்சாம்."

"போகட்டும், எங்கடையும் அப்பிடித்தானே," என்று பரமலிங்கம் அவசரமாகச் சொன்னார். "பொடியன் நல்ல வடிவு. இண்டைக்கே ஓமெண்டு சொல்லுவம்."

"பொறுங்கோ அப்பா."

தர்சிகா கைபேசியை வாங்கினாள். சாவகச்சேரி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போன் திருத்தும் கடை வைத்திருப்பவள். ஆளைப் பார்க்குமுன் ஆளின் கையில் இருப்பதைப் பார்ப்பது அவள் பழக்கம். மாப்பிள்ளை சிவப்புக் காரில் சாய்ந்து நின்றார். கையில் தட்டையாக ஏதோ மினுங்கியது. அதிலிருந்து வெள்ளை வயர் காதுக்குப் போனது.

"இது என்ன தெரியுமோ மாமா?" என்று தரகரைக் கேட்டாள்.

"போன்தானே பிள்ளை?"

"இல்லை, ஐபொட் டச். பாட்டுக் கேக்கலாம், படம் பாக்கலாம், சிம் போட ஏலாது. முதல் வந்ததிலை சத்தத்தைக் கூட்டிக் குறைக்கப் பக்கத்திலை ஒரு பட்டன்கூட இல்லை. ரெண்டாவதுக்குப் பட்டன் வந்தது. நாலாவதுக்குத்தான் கமெரா. அஞ்சாவது கலர் கலரா வந்தது. பிறகு எல்லாரும் போனிலையே பாட்டுக் கேக்க வெளிக்கிட, செய்யிறதையே விட்டிட்டாங்கள்."

"அதுக்கும் கலியாணத்துக்கும் என்ன பிள்ளை?"

"இவர் வைச்சிருக்கிறது நாலாவது. பின்பக்கம் கண்ணாடி மாதிரி மினுங்குது, மூலையிலை கமெரா இருக்கு. புதுசா வாங்கின பெருமையிலை எல்லாருக்கும் தெரியப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார். அப்ப, படம் எடுத்துப் பன்னிரண்டு பதின்மூண்டு வருசம். படத்திலையே ஆளுக்கு முப்பத்தொண்டு மதிக்கலாம், அதோடை இதைக் கூட்டிப் பாருங்கோ."

இளையதம்பி கூட்டிப் பார்த்தார். கணக்கு நாற்பதைத் தாண்டியதும் பரமலிங்கத்தை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"பழைய படத்தைக் காட்டி எங்கடை தலையிலை மிளகாய் அரைக்கப் பாக்கிறாங்களோ?" என்று பரமலிங்கம் கொதித்தார்.

"கத்தாதேங்கோ அப்பா. மாமா, நான் சொன்னதை அப்பிடியே அவருக்குச் சொல்லி, இண்டைக்கு எடுத்த படம் ஒண்டை அனுப்பச் சொல்லுங்கோ."

பரமலிங்கத்தின் கொதிப்பு சட்டென்று அடங்கியது. "ஐயோ, அது வேண்டாம் பிள்ளை! அப்பிடியெல்லாம் கேக்கிறது மரியாதையில்லை."

தர்சிகா விடவில்லை. இளையதம்பி வேறு வழியின்றி வட்ஸ்அப்பில் பேசி அனுப்பினார். தேத்தண்ணி ஆறுமுன் கனடாவிலிருந்து பதில் குரல் வந்துவிட்டது. மூவரும் குனிந்து கேட்டார்கள்.

"பிள்ளை சொன்னது சரி அண்ணை. எனக்கு நாப்பத்திமூண்டு, பொய் சொன்னதுக்கு மன்னிக்கச் சொல்லுங்கோ. புதுப் படம் இப்பவே அனுப்புறன். அவவையும் ஒண்டு அனுப்பச் சொல்லுங்கோ. நீங்கள் தந்த படத்திலை அவவின்ரை கையிலை இருக்கிற ஐபொட்டுக்குக் கமெராவே இல்லை, அது என்ரையிலும் பாக்க ரெண்டு வருசம் பழசு. நீங்கள் சொன்னமாதிரி அவவுக்கு இப்ப இருபத்தெட்டெண்டால், அவ பதின்மூண்டு வயசிலையே சீலை உடுத்துப் படம் எடுத்தவவோ?"

தர்சிகா அப்பாவைப் பார்த்தாள். அப்பா கூரையைப் பார்த்தார்.

"மாமா, இந்த இடத்தை மட்டும் விட்டிடாதேங்கோ," என்றாள் முப்பத்தொன்பது வயதுத் தர்சிகா.